ஒற்றைச் செரி மரம் காய்க்குமா?

ஏப்ரல் கடைசியில் டொராண்டோவைச் சுற்றியுள்ள நர்சரிகளில் செரிக் கன்றுகள் வந்து இறங்கும். ஆள் உயரத் தண்டு, கறுப்புத் தொட்டி, கழுத்தில் சிவந்த பழக்கொத்துப் படம் போட்ட அட்டை. கறிவேப்பிலையைத் தொட்டியில் வளர்த்துக் குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் தூக்கி வைத்துக் காப்பாற்றும் ஸ்கார்பரோ, மார்க்கம் தமிழ்க் குடும்பங்கள், பனியிலும் வெளியே நிற்கக்கூடிய பழமரம் ஒன்று வேண்டும் என்று தேடிப் போனால் முதலில் கண்ணில் படுபவற்றில் இதுவும் ஒன்று. விலையும் கையைக் கடிக்காது. கடையில் ஒரு கிலோ செரி விற்கும் விலையைப் பார்த்தால், நான்கு கோடையில் போட்ட காசு திரும்பிவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

நட்டு ஐந்தாறு ஆண்டு கழித்து வரும் புகார்கள் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. மரம் கூரையைத் தாண்டிப் போய்விட்டது. வசந்தத்தில் வெள்ளை வெளேரென்று பூத்துக் கொட்டுகிறது. பழம் மட்டும் இல்லை. அல்லது பழம் இருந்தது, பறவை தின்றுவிட்டது. பறவை விட்டு வைத்தது மழையில் வெடித்துப் போனது. அதற்கும் தப்பியதைப் பறித்து வந்து பிளந்தால் உள்ளே வெள்ளைப் புழு நெளிகிறது.

பூத்தும் காய்க்காதது, கைக்கெட்டாத உயரம் ஆகிய முதல் இரண்டு குறைகளுக்கும் மருந்து கண்டுபிடித்துப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. ஒற்றை மரமாகவே காய்க்கும் ரகம் இருக்கிறது. ஏணி இல்லாமல் பறிக்கும் உயரத்திலேயே நின்றுவிடும் மரமும் இருக்கிறது. ஆனால் கடையில் நிற்கும் எல்லாக் கன்றும் அப்படிப்பட்டதல்ல. மற்ற குறைகளுக்கு இன்றைக்கும் மனிதக் கைதான் காவல். வீட்டுத் தோட்டத்துக்கு இனிப்புச் செரி ஏற்றதா என்று கேட்பவர் இந்த இரண்டு பகுதிகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும்: எதைக் கடையிலேயே தேர்ந்து வாங்கிவிடலாம், எதை ஆண்டுதோறும் உடம்பால் உழைத்துத்தான் தீர்க்க வேண்டும்.

இனிப்புச் செரியின் தாவரப் பெயர் புரூனஸ் ஏவியம். ரோஜாக் குடும்பம், பிளம், பீச், பாதாம் எல்லாம் நெருங்கிய உறவு. கருங்கடல், காஸ்பியன் கடல் வட்டாரத்திலும் ஐரோப்பியக் காடுகளிலும் தானாகவே முளைத்து வளரும் மரம். மித்ரிடேட்டஸ் மன்னனோடு நடந்த போரை முடித்துத் திரும்பிய லுக்குல்லஸ் என்ற தளபதிதான் கி.மு. முதல் நூற்றாண்டில் இதை ரோமுக்குக் கொண்டு வந்தார் என்று பிளினி எழுதி வைத்திருக்கிறார். அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய குடியிருப்புகளிலேயே ஐரோப்பாவில் செரிக் கொட்டைகள் கிடைத்திருப்பதால், அவர் கொண்டு வந்தது நல்ல ரகமாக இருக்கலாம், மரமே புதிதாக இருந்திருக்க முடியாது. வீட்டுத் தோட்டக்காரர் நினைவில் வைக்க வேண்டியது வேறு: இது அடிப்படையில் காட்டு மரம். நெருக்கடியில் வெளிச்சம் தேடி 20 மீட்டருக்கு மேல் நிமிர்ந்து வளரும் சுபாவம் அதன் விதையிலேயே இருக்கிறது. சாப்பிட்டுத் துப்பிய கொட்டையை மண்ணில் புதைத்து முளைக்க வைத்தால் வருவதும் அந்தக் காட்டு மரம்தான். தின்ற பழத்தின் ருசி அதில் வராது.

முதலில் காய்க்காத கதை. வட அமெரிக்கக் கடைகளில் கருஞ்சிவப்புச் செரி என்றாலே 'பிங்' என்றிருந்த காலம் நெடுங்காலம். 1875இல் ஒரேகான் மாநிலத்தின் மில்வாக்கி ஊரில் சேத் லூவெல்லிங் என்பவருடைய தோட்டத்தில் உருவான ரகம் அது. பெயர், அங்கே வேலையாட்களுக்குத் தலைவராக இருந்த ஆ பிங் என்ற சீனருடையது. 1889 வாக்கில் சொந்த நாட்டைப் பார்த்து வரப் போன அவரை, சீனர்களை உள்ளே விடாத அன்றைய அமெரிக்கச் சட்டங்கள் மறுபடி வரவிடவில்லை என்று சொல்வார்கள். ஆள் திரும்பவில்லை, அவர் பெயர் போட்ட பழம் மட்டும் பெட்டி பெட்டியாகக் கப்பலேறிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பிங்கை வாங்கி வந்து தோட்டத்தில் ஒற்றையாக நட்டால் ஒரு பழம்கூடக் கிடைக்காது. செரியின் ஒரே பூவில் மகரந்தமும் சூலகமும் சேர்ந்தேதான் இருக்கின்றன. ஆனாலும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளாது. பங்காளிகளுக்குள் பெண் எடுக்காத முறை போன்றதுதான் இது. ஒவ்வொரு மரத்திலும் 'எஸ்' என்ற மரபணுவின் இரண்டு வடிவங்கள் இருக்கும். ஆய்வாளர்கள் அவற்றுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். விழுந்த மகரந்தத் துகளில் இருக்கும் எண்ணும் பூவின் எண்களில் ஒன்றும் ஒத்துப்போனால், சூல்தண்டில் சுரக்கும் ஒரு நொதி அந்த மகரந்தக் குழாயைப் பாதி வழியிலேயே நிறுத்திவிடும். பிங்கின் எண்கள் 3, 4. லாம்பர்ட், நெப்போலியன் ஆகிய பேர்பெற்ற ரகங்களுக்கும் அதே 3, 4. ஆகவே பிங், லாம்பர்ட், நெப்போலியன் மூன்றையும் பக்கம் பக்கமாக நட்டாலும் மூன்றும் வெறும் பூமரமாகவே நிற்கும். இரண்டு மரம் வைத்தும் பழம் இல்லையே என்று தலையில் கை வைப்பவர்கள் பலருக்கும் நடந்தது இதுதான். பிங்குக்குத் துணையாக வான் ரகமோ (1, 3) மஞ்சளில் சிவப்பு படர்ந்த ரெய்னியரோ (1, 4) இருந்தால் காய்க்கும். பக்கத்து வீட்டில் பொருத்தமான மரம் அதே சமயத்தில் பூத்தாலும் போதும். வேலி தேனீக்குத் தடையில்லை.

சிறிய தோட்டத்தில் இரண்டு மரத்துக்கு இடமேது? இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் நிறுவனத்தில் 1940களில் டான் லூயிஸ் என்ற மரபியலாளர் எக்ஸ்-கதிர் கொண்டு இந்த விலக்கை உடைத்தார். கதிர்பட்ட மகரந்தத்திலிருந்து பிறந்த கன்றுகள் சில தம் மகரந்தத்தையே ஏற்றுக் காய்த்தன. அவற்றில் ஒன்றைக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலுள்ள சம்மர்லாந்து ஆய்வு நிலையத்தில் லாம்பர்ட்டோடு கலந்து, 1968இல் கார்ல் லாபின்ஸ் 'ஸ்டெல்லா'வை வெளியிட்டார். ஒற்றை மரமாகக் காய்க்கும் இனிப்புச் செரி என்று பெயரிட்டு விற்பனைக்கு வந்த முதல் ரகம் அது. அவர் பெயரிலேயே பின்னர் வந்த 'லாபின்ஸ்', பழம் பெரிதான 'சன்பர்ஸ்ட்', பருவக் கடைசியில் பழுக்கும் 'ஸ்வீட்ஹார்ட்' எல்லாம் அந்த வழியில் வந்தவையே. ஸ்பெயினின் 'கிறிஸ்டோபலீனா' போல இயற்கையாகவே இந்தக் குணம் கொண்டவை ஒரு சில உண்டு. ஆனால் இன்று நர்சரியில் கிடைக்கும் தற்காய்ப்பு ரகங்களில் பெரும்பாலானவற்றின் கொடிவழியைத் தேடிப் போனால் அந்த எக்ஸ்-கதிர்க் கன்றில்தான் போய் நிற்க வேண்டும்.

தற்காய்ப்பு ரகமானாலும் மகரந்தம் தானாக நகராது, தேனீ வேண்டும். செரி பூக்கும் நாட்களில் காற்று இன்னும் குளிராக இருக்கும். 12, 13 டிகிரிக்குக் கீழே தேன்கூட்டுத் தேனீக்கள் அவ்வளவாக வெளியே வருவதில்லை. அந்தக் குளிரிலும் பறக்கும் ஓஸ்மியா வகைத் தனித் தேனீக்கள் கைகொடுக்கும். கூட்டம் கிடையாது, கொட்டும் பயமும் அநேகமாக இல்லை. மரக்கட்டையில் 8 மில்லிமீட்டர் துளைகள் போட்டுக் காலை வெயில் படும் சுவரில் மாட்டி வைத்தால் வந்து குடியேறி, ஒவ்வொரு துளையையும் சேற்றால் அறை அறையாக அடைத்துக்கொள்ளும்.

அடுத்தது உயரம். கென்ட் மாவட்டம் இங்கிலாந்தின் செரிப் பூமி. எட்டாம் ஹென்றியின் பழத்தோட்டக்காரர் ரிச்சர்ட் ஹாரிஸ் 1533இல் டெய்ன்ஹாமில் தோட்டம் போட்டதிலிருந்து அந்தப் பெயர். பழைய கென்ட் தோட்டங்களில் மரங்கள் இரண்டு மாடி உயரம் நிற்கும். கீழே ஆடு மேயும். மேலே பறிக்க அடி அகன்று நுனி குறுகிய நீண்ட மர ஏணிகள். ஏணியைத் தூக்கி நிறுத்துவதே தனி வித்தையாக இருந்தது. அந்த மரங்கள் காட்டுச் செரியின் வேரில் ஒட்டுக்கட்டியவை. வேர் எதுவோ உயரம் அது.

இதை மாற்றியவை புதிய வேர்ச்செடிகள். கென்ட்டிலேயே உள்ள ஈஸ்ட் மாலிங் ஆய்வு நிலையம் 1970களில் 'கோல்ட்' என்ற வேர்ச்செடியைக் கொடுத்தது. மரம் ஓரளவு அடங்கியது. பெரிய திருப்பம் ஜெர்மனியின் கீசன் நகரப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. புளிப்புச் செரியையும் சாம்பல் இலைச் சீனச் செரி ஒன்றையும் கலந்து எடுத்த 'கிசெலா' வரிசை அது. கிசெலா 5இல் ஒட்டிய மரம் கவாத்தும் செய்துவந்தால் மூன்று மீட்டர் உயரத்தில் நின்றுவிடும். காட்டு வேரில் ஐந்து முதல் ஏழு ஆண்டு காக்க வேண்டிய காய்ப்பு, இதில் மூன்றாம் ஆண்டிலேயே தலைகாட்டும். மரம் முழுவதையும் ஒரே வலையால் மூட முடிகிறது என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய லாபம். ஏன் என்பது பறவைகளைப் பற்றிப் பேசும்போது விளங்கும்.

குட்டை வேருக்கும் ஒரு விலை உண்டு. கிசெலா 5இன் வேர் ஆழம் போகாது. மண் மெலிந்திருந்தால், தண்ணீர் தவறினால் மரம் சோர்ந்துவிடும். இளம் வயதிலேயே தாங்க முடியாத அளவு காய்த்து, பழம் சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கிவிடவும் கூடும். அப்போது காய்க்கும் முளைகளில் சிலவற்றைக் கிள்ளி எடுத்துத்தான் பழத்தைப் பெரிதாக்க வேண்டும். மணற்பாங்கான ஏழை மண்ணுள்ளவர்கள் கொஞ்சம் வீரியம் கூடிய கிசெலா 6ஐத் தேடுவது நல்லது.

மண்ணைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செரிக்கு ஆகாதது ஒன்றே ஒன்று, வேரடியில் தண்ணீர் தேங்குவது. லண்டன் களிமண் போன்ற இடத்தில் குழி தோண்டி நடுவதைவிட மேடு கட்டி அதன்மேல் நடுவதே மேல். ஒட்டுக்கட்டிய முடிச்சு மண்ணுக்கு மேலே நான்கு விரல் தெரிய வேண்டும். அது புதைந்தால் மேலே உள்ள ரகம் தனக்கென்று வேர்விட்டு, குட்டை வேருக்குக் கொடுத்த காசு வீணாகிவிடும்.

இனி, காசு கொடுத்து வாங்க முடியாதவை.

குளிரில் தொடங்கலாம். இலையுதிர்த்து உறங்கும் செரி மொட்டு, குறிப்பிட்ட நேரம் குளிரை அனுபவித்தால்தான் வசந்தத்தில் ஒழுங்காக விழிக்கும். ஏறத்தாழ 0 முதல் 7 டிகிரி செல்சியஸ் வரையுள்ள மணி நேரங்களைக் கூட்டிக் கணக்கிடுவது பழைய முறை. பெரும்பாலான இனிப்புச் செரிகளுக்கு 700 மணி நேரத்துக்கு மேல், பலவற்றுக்கு 1,000க்கும் மேல் தேவை. இடையிடையே பகல் வெயில் ஏறினால் சேர்ந்த குளிர் கொஞ்சம் அழிந்தும் போகும். 2014இல் கலிபோர்னியாவில் குளிர்காலம் வெதுவெதுப்பாகக் கழிந்ததில் பூ ஒழுங்கின்றிப் பூத்து, விளைச்சல் பெருமளவு சரிந்தது.

மறுகோடியில் 2024 ஜனவரி. பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஒகனாகன் பள்ளத்தாக்கில் சில நாள் அடித்த கடுங்குளிர், உறங்கிக்கொண்டிருந்த மொட்டுகளை மரத்திலேயே கொன்றது. பீச்சும் பாதாமியும் ஏறக்குறைய முழுதாகப் போயின. செரிக்கும் பெருத்த அடி. பரம்பரை விவசாயிகளே கையைப் பிசைந்துகொண்டு நின்ற ஆண்டு அது. மரத்துக்குக் குளிர் வேண்டும். ஆனால் மைனஸ் 25 டிகிரிக்கும் கீழே இறங்கும் குளிர் வேண்டாம்.

பூத்த பிறகு கணக்கு இன்னும் நுட்பமாகிறது. முழுதாக விரிந்த பூ மைனஸ் 2.2 டிகிரியில் அரைமணி நேரம் இருந்தால் பத்தில் ஒன்று சாகும், மைனஸ் 3.9இல் பத்தில் ஒன்பது சாகும். நடுவே இருப்பது இரண்டு டிகிரிகூட இல்லை. உறைபனி பட்ட பூ வெளிப்பார்வைக்கு அழகாகவே இருக்கும். இதழை விலக்கிப் பார்த்தால் நடுவிலுள்ள பச்சைச் சூலகம் கறுத்திருக்கும். மூன்று மீட்டர் மரத்தை வைத்திருப்பவர் உறைபனி இரவில் தோட்டத்துணி போர்த்திக் காப்பாற்றிவிடலாம். பத்து மீட்டர் மரத்தை வைத்திருப்பவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

மழை விஷயத்தில் செரி கொஞ்சம் அநியாயமான மரம். மாதக்கணக்கில் மழையை ஏற்றுக்கொண்டுவிட்டு, பறிக்கும் நேரத்தில் வெடிக்கும். பழத்தின் தோல் மெல்லியது, உள்ளே சர்க்கரைச் செறிவு அதிகம். தோலில் நிற்கும் மழைநீரும் காம்புக் குழியில் தேங்கும் நீரும் உள்ளே இழுபடும்போது சதை வீங்கித் தோல் பிளந்துவிடுகிறது. பிளந்த இடத்தில் மறுநாளே சாம்பல் பூஞ்சணம். வாஷிங்டன் மாநிலத்திலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் பெருந்தோட்டக்காரர்கள் மழை நின்ற கையோடு ஹெலிகாப்டரை வாடகைக்கு எடுத்து மரங்களுக்கு மேலே தாழப் பறக்கவிட்டு, இறக்கை வீசும் காற்றில் பழத்தைக் காய வைக்கிறார்கள். விமானி மரத்துக்கு மேலே உயிரைப் பணயம் வைத்துப் பறப்பது ஒரு கூடைப் பழத்துக்காக என்பதை நினைத்தால் செரியின் விலை அவ்வளவு அதிகமாகத் தெரியாது. நோர்வேயின் ஹார்டாங்கர் கடலோரத்தில், கென்ட்டின் புதிய தோட்டங்களில், வரிசைக்கு மேலே பிளாஸ்டிக் கூரை போட்டு விடுகிறார்கள். ஹார்டாங்கரின் லொஃப்துஸ் ஊரில் செரித் திருவிழாவும், கொட்டையை யார் அதிக தூரம் துப்புகிறார்கள் என்று தேசிய அளவில் ஒரு போட்டியும் உண்டு.

வீட்டில் ஹெலிகாப்டருக்கு வழியில்லை. பழம் நிறம் மாறத் தொடங்கியதிலிருந்து பறிக்கும் வரையான மூன்று வாரங்களுக்கு, நான்கு கம்பு நட்டு மேலே கண்ணாடித்தாள் கட்டலாம். பக்கவாட்டில் காற்று போக வேண்டும். மண்ணின் ஈரத்தைச் சீராக வைத்திருப்பதும் உதவும். காய்ந்து கிடந்த மண்ணில் திடீரென்று நீர் பாய்ந்தாலும் பழம் வெடிக்கும். பிங்கும் ரெய்னியரும் எளிதில் வெடிப்பவை. லாபின்ஸ் ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

பறவைக்கு வலையைத் தவிர வேறு வழி எதுவும் நிலைத்ததில்லை. மினுக்கும் சீடி, பிளாஸ்டிக் ஆந்தை, வண்ண நாடா எல்லாம் இரண்டு மூன்று நாள் வேடிக்கை. பிறகு ஆந்தையின் தலையிலேயே உட்கார்ந்து பழம் தின்னும். பச்சைக் காய் மஞ்சளுக்கு மாறும்போதே வலையைப் போட்டுவிட வேண்டும். சிவந்த பிறகு ஒரு காலைப் பொழுதே அவற்றுக்குப் போதும். வலை விஷயத்தில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. பழந்தின்னி வௌவால்களும் பறவைகளும் பாம்புகளும் பெரிய கண் வலையில் சிக்கிச் செத்ததைப் பார்த்து, வீட்டுப் பழமரங்களுக்குப் போடும் வலையின் கண் இழுத்துப் பிடித்த நிலையிலும் 5 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2021 செப்டம்பரிலிருந்து விதி. சுண்டுவிரல் நுழையாத வலை என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். சட்டம் இல்லாத ஊரிலும் அதையே வாங்குவது நியாயம்.

எல்லாவற்றிலும் கெட்ட எதிரி, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு பழ ஈ. செரி ஈக்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் முன்பிருந்தே உண்டு. ஆண்டுக்கு ஒரு தலைமுறை, மஞ்சள் ஒட்டட்டையில் வந்து மாட்டும், சமாளித்துவிடலாம். ஆனால் கிழக்காசியாவைச் சேர்ந்த 'டிரோசோஃபிலா சுசூகி' 2008இல் கலிபோர்னியாவிலும் அதே காலத்தில் ஸ்பெயின், இத்தாலியிலும் தென்பட்டது. 2012இல் பிரிட்டனை எட்டியது. நம் வீட்டு வாழைப்பழத் தட்டைச் சுற்றும் குட்டி ஈயின் சொந்தக்காரன்தான். அந்த ஈ அழுகிய பழத்தைத் தேடும். இதுவோ மரத்தில் பழுத்துக்கொண்டிருக்கும் நல்ல பழத்தைத் தேடும். பெண் ஈயின் முட்டையிடும் உறுப்பில் ரம்பப் பல் இருக்கிறது. அதனால் தோலை அறுத்து உள்ளே முட்டை வைக்கிறது. வெளியே ஊசி குத்திய அளவு தழும்புதான் தெரியும். இரண்டு மூன்று நாளில் அந்த இடம் அமுங்கி இளகும். ஆண் ஈயின் இரண்டு இறக்கை நுனியிலும் கறுப்புப் புள்ளி இருக்கும். அதைக் கொண்டு அடையாளம் காணலாம். ஒரு தலைமுறை முடிய வெப்பக் காலத்தில் இரண்டு வாரமே ஆவதால் கோடைக்குள் பல தலைமுறை பெருகிவிடும்.

சந்தேகம் இருந்தால் ஒரு பிடி பழத்தை உப்புத் தண்ணீரில் அரைமணி நேரம் போட்டுப் பார்க்கலாம். புழு இருந்தால் வெளியே வந்துவிடும். பார்த்துவிட்டுப் பழம் சாப்பிட மனம் வருமா என்பது வேறு கேள்வி. தடுக்க வேண்டுமென்றால் 1 மில்லிமீட்டருக்கும் குறைந்த கண்ணுள்ள பூச்சி வலையால், காய் நிறம் மாறும் முன்பே மரத்தை முழுதாக மூடிக் கீழே கட்டிவிட வேண்டும். மருந்தடிப்பு பெருந்தோட்டத்துக்குச் சரி. குழந்தைகள் மரத்தடியில் நின்று பறித்துத் தின்னும் வீட்டில் பழுக்கும் நேரத்தில் அது தேவையில்லாத வேலை. முந்திப் பழுக்கும் ரகங்களுக்கு ஈயின் தொல்லை குறைவு. கோடை போகப் போகத்தான் அதன் எண்ணிக்கை ஏறும். உதிர்ந்த பழத்தை மரத்தடியில் விடாமல் பொறுக்கிப் பையில் கட்டி வெயிலில் வைத்தால் அடுத்த தலைமுறை அங்கேயே முடியும்.

கவாத்தில் செரிக்கு ஒரு தனி நியதி உண்டு. ஆப்பிளை வெட்டுவதுபோல நடுக் குளிர்காலத்தில் வெட்டக் கூடாது. ஈரமும் குளிரும் சேர்ந்த நேரத்து வெட்டுக்காயம் வழியே சூடோமோனாஸ் பாக்டீரியா நுழைந்து பட்டையை அரிக்கும். கிளையில் அம்பர் நிறப் பிசின் கட்டி கட்டியாக வடிவது அதன் அடையாளம். வெள்ளியிலை நோய்ப் பூஞ்சணமும் அதே வழியில் வரும். பழம் பறித்து முடித்த பிறகு, கோடையில், தொடர்ந்து சில நாள் வெயில் இருக்கும் என்று தெரிந்தபின் வெட்டுவதே பிரிட்டனில் காலங்காலமாகச் சொல்லப்படும் முறை.

எதை வெட்டுவது என்று தெரிய மொட்டைப் பார்க்கப் பழக வேண்டும். இரண்டு வயதும் அதற்கு மேலும் ஆன கிளையில், விரல் கணுவளவு நீளமே உள்ள குட்டை முளைகள் இருக்கும். அவற்றைச் சுற்றிக் குண்டு குண்டாக நிற்பவை பூமொட்டுகள். நடுவில் கூர்மையாக ஒன்றே ஒன்று இருந்தால் அது இலைமொட்டு. அந்த ஒற்றைக் கூர்மொட்டுதான் அடுத்த ஆண்டுக்கும் அதற்கடுத்த ஆண்டுக்கும் முளையை உயிரோடு வைத்திருப்பது. பறிக்கும்போது பழத்தைப் பிடித்து இழுத்தால் முளையே ஒடிந்து கையோடு வந்துவிடும். வரப்போகும் பல ஆண்டுப் பழம் அதோடு போகும். காம்பின் அடியைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து மேல்நோக்கி மெல்லத் திருப்பினால் பழமும் காம்பும் மட்டும் கழன்று வரும். மாம்பழம் போலச் செரி பறித்த பின் பழுக்காது. நிறம் வந்துவிட்டதே என்று அவசரப்பட்டால் புளிப்புத்தான். ஒன்றைத் தின்று பார்த்து, இன்னும் நான்கு நாள் பொறுப்பதே நல்லது.

சில பழங்கள் இரட்டையாக ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்துச் சிலர் நோய் என்று பயப்படுவதுண்டு. நோயல்ல. முந்தின கோடையில், அடுத்த ஆண்டுக்கான பூமொட்டு உருவாகும் நேரத்தில், 30 டிகிரிக்கு மேல் வெப்பம் நீடித்தால் ஒரே பூவில் இரண்டு சூலகம் அமைந்துவிடும். அதன் விளைவு இது. தாராளமாகச் சாப்பிடலாம். கொட்டையை மட்டும் கடித்து உடைத்துத் தின்னக் கூடாது. உள்ளிருக்கும் பருப்பில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது.

ரகத் தேர்வு ஊரைப் பொறுத்தது. லண்டனிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் ஸ்டெல்லா, சன்பர்ஸ்ட், லாபின்ஸ் மூன்றும் பல காலமாக நிலைபெற்றவை. வெயில் விழும் சுவரில் விசிறி வடிவில் கிளைகளைக் கட்டி வளர்த்தால் வலை போடுவதும் சுலபம். டொராண்டோ, நயாகரா பகுதியில் குளிர் தாங்க நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவா ஆய்வு நிலையம் தந்த 'பிளாக் கோல்ட்', 'வைட் கோல்ட்' இரண்டையும் தேடலாம். இரண்டுமே ஒற்றையாகக் காய்ப்பவை, பிளாக் கோல்ட் பிந்திப் பூப்பதால் உறைபனிக்கும் ஓரளவு தப்பும். கல்கரி, எட்மன்டன், வின்னிபெக் வாசிகள் இனிப்புச் செரியை மறந்துவிடுவதே நல்லது. சஸ்காட்சவன் பல்கலைக்கழகம் 1999இல் வெளியிட்ட 'கார்மைன் ஜுவல்', அதன் பின் வந்த 'ரோமியோ', 'ஜூலியட்' போன்ற குட்டைப் புளிப்புச் செரிகள் அந்தக் குளிருக்கென்றே உருவானவை. அப்படியே தின்னக் கொஞ்சம் புளிக்கும். ஜாமுக்கும் பச்சடிக்கும் அதைவிட நல்ல பழம் இல்லை. ஒரே மரத்தில் நான்கு ரகம் ஒட்டிய கன்று என்று விற்பார்கள். கேட்க ஆசையாக இருக்கும்; சில ஆண்டுகளில் வலுத்த கிளை ஒன்று மற்ற மூன்றையும் அமுக்கிவிடுவதே அடிக்கடி நடப்பது.

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ வைக்கலாமா என்ற கேள்வியும் தொடர்ந்து வருகிறது. இந்தியாவில் இனிப்புச் செரியின் இடம் காஷ்மீரும் இமாச்சலமும்தான். காஷ்மீரில் 'கிலாஸ்' என்று அழைக்கப்படும் இதில் 'மிஸ்ரி', 'மக்மலி' என்றெல்லாம் உள்ளூர் ரகங்கள் உண்டு. மே மாதம் தொடங்கி ஜூலை வரை பருவம். நீலகிரியில் குளிர் தேவை குறைந்த பீச், பிளம், பேரி நன்றாக வருகின்றன. செரியின் கணக்கு வேறு. உதகையில் ஜனவரி இரவு உறைபனி கண்டாலும் பகலில் 20 டிகிரி வரை ஏறிவிடும். இரவு சேர்த்த குளிரைப் பகல் தின்றுவிடும். கலிபோர்னியாவின் மொடெஸ்டோவில் ஜெய்கர் குடும்பத்தார் உருவாக்கிய 'மின்னி ராயல்', 'ராயல் லீ' ரகங்களுக்கு 200, 300 மணி நேரக் குளிரே போதும். இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாகச் சேர்ந்தே நிற்க வேண்டும். அவற்றை முறையாக வரவழைத்துச் சோதிப்பது ஆய்வு நிலையங்களின் வேலை. இணையத்தில் படத்தைக் காட்டி 'ஊட்டிச் செரி' என்று விற்கும் கன்றை நம்பிப் பணம் கொடுப்பது வீண். சமவெளிகளில் சிங்கப்பூர் செரி என்று குழந்தைகள் பறித்துத் தின்னும் தேன்பழ மரம் வேறு குடும்பம். பேக்கரி கேக்கின் மேல் சிவப்பாக உட்கார்ந்திருப்பதும் பல நேரம் சர்க்கரைப் பாகில் ஊறிய களாக்காய்தான்.

ஆகவே, குளிர் போதுமான ஊரில், மூன்று மீட்டர் சதுர இடமும், ஆண்டுக்கு ஒரு கவாத்தும், கோடையில் ஒரு வலையும், மழைக் கூரை போட ஒரு சனிக்கிழமையும் ஒதுக்க முடிந்தவருக்கு இனிப்புச் செரி வைக்கத் தகுந்த மரம். நன்றாகப் பராமரித்த கிசெலா மரம் பத்துக் கிலோவுக்கு மேல் கொடுக்கும். வலை போட நேரமில்லை என்பவர் அந்த இடத்தில் ஆப்பிளோ பேரியோ வைக்கலாம், மனக்கசப்பு இருக்காது.

வாங்கப் போகிறவர் அட்டையில் இரண்டு பெயர்களைத் தேட வேண்டும்: ரகத்தின் பெயர் ஒன்று, வேர்ச்செடியின் பெயர் இன்னொன்று. 'இனிப்புச் செரி, அரைக்குள்ளம்' என்று மட்டும் போட்டிருந்தால் கடைக்காரரிடம் வேர் எது என்று கேளுங்கள். அவருக்கும் தெரியவில்லை என்றால் அந்தக் கன்றை அங்கேயே விட்டுவிட்டு வேறு நர்சரிக்குப் போங்கள்.